23 ஆணி... 70,000 அட்வான்ஸ்!

ஹாஸ்டல் சாம்பாருக்கு டாட்டா காட்டிட்டு, ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து வெளியே வீடு எடுக்கப் போறீங்களா? வாழ்த்துகள்! ஜன்னலோர இடம் யாருக்கு, பாத்திரம் கழுவுறது யாரு போன்ற உலக யுத்தங்களை அப்புறம் வெச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி, மொத்தமா ஒரு தொகையை எடுத்து முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் கொடுக்கப் போறீங்களே, அட்வான்ஸ்... அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

சென்னையில் வீடு தேடினவங்களுக்குத் தெரியும். 'டூ-லெட்' போர்டைப் பார்த்து போன் போட்டால் முதல் கேள்வி, 'ஃபேமிலியா, பேச்சிலரா?' அடுத்தது, 'வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?' இந்த இரண்டு வைவாவிலும் பாஸானால்தான் அட்வான்ஸ் எவ்வளவு என்பதையே சொல்வார்கள். 10 மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரில் ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருந்த வழக்கம். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் (முழுப் பெயரையும் எழுதினால் எனக்குக் கொடுத்த பக்கம் அதிலேயே தீர்ந்துவிடும்!), மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில்' என்று ஒரு வாலும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சின்னச் சந்து வழியாகத்தான் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்க நாலு பேர். நிஜப் பெயரைப் போட்டால் மூணு பேரும் ரூமுக்கே வந்து சண்டை போடுவார்கள் என்பதால், ஊர்ப் பெயரிலேயே கூப்பிடுகிறேன். கோவில்பட்டி, சிவில். ஆரணி, கம்ப்யூட்டர் சயின்ஸ். மதுரை, மெக்கானிக்கல். நான் ட்ரிபிள் ஈ, ஊர் திருவாரூர் பக்கம். 2024 ஜூலையில் குரோம்பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது. முதல் மாடி, இரண்டு பெட்ரூம், வாடகை 14,000. கெஞ்சிக் கூத்தாடி, ஓனர் அங்கிளை ஐந்து மாச அட்வான்ஸுக்கு இறக்கினோம். மொத்தம் 70,000. ஆளுக்கு 17,500.

இந்த 17,500 ஒவ்வொரு வீட்டிலும் எப்படி வந்தது தெரியுமா? எங்க அப்பா ஆறு மாசம் கழித்து எடுக்க வேண்டிய சீட்டை, தள்ளு போனாலும் பரவாயில்லை என்று முன்னாடியே எடுத்தார். கோவில்பட்டியின் அண்ணன் முதல் மாசச் சம்பளத்திலிருந்து கொடுத்தார். ஆரணியின் அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு வட்டியோடு மாசா மாசம் தவணை. நாங்கள் வீட்டில் குடியிருக்கும் 11 மாசமும் ஆரணி அம்மா தவணை கட்டுவார், பணம் மட்டும் சும்மா ஓனர் கையில் உட்கார்ந்திருக்கும். 'எப்படியும் திரும்ப வந்துடும்ல பாப்பா?' என்று அவர் போனில் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஆரணி, 'வந்துடும்மா' என்றாள். வராமல் போனவர்களை எங்களுக்குத் தெரியும் என்பதுதான் பிரச்னையே.

அந்தச் சீனியர் அண்ணன்கள் ஐந்து பேர். பக்கத்துத் தெருவில் இரண்டு வருஷம் இருந்தார்கள். அட்வான்ஸ் 60,000. காலி பண்ணும் அன்றைக்கு ஓனர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாராம். பெயின்டிங் 18,000, பாத்ரூம் கதவு 6,500, கிச்சன் சிங்க் 4,500, மோட்டார் 12,000. மொத்தம் 41,000 கழித்து, மிச்சம் 19,000 கையில். 'சார், அந்தக் கதவு நாங்க வரும்போதே ஊறிப்போய்தான் இருந்துச்சு' என்று இவர்கள் சொல்ல, 'ப்ரூஃப் இருக்கா தம்பி?' என்று அவர் கேட்க, ஐந்து பேரும் செல்போனைத் துழாவியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் போட்டோ. பிரியாணி இருக்கிறது, பர்த்டே கேக் இருக்கிறது, தூங்குகிறவன் வாயில் பேஸ்ட் வைத்த போட்டோ இருக்கிறது. காலியான வீட்டின் போட்டோ ஒன்றே ஒன்று கூட இல்லை! கடைசியில் ஒரு பர்த்டே போட்டோவில், கேக் அப்பிய முகத்துக்குப் பின்னால் அந்தக் கதவின் அடிப்பாகம் தெரிந்திருக்கிறது. தேதி பார்த்தால், குடிவந்த நாலாவது நாள். தூக்கிக்கொண்டு ஓடினால், ஓனர் நிதானமாகச் சொன்னாராம்: 'நாலு நாள்ல நீங்க தண்ணிய ஊத்தி ஊற வெச்சிருக்கலாமே!'

அந்த நாலு நாள் இடைவெளிதான் எங்களை உசுப்பிவிட்டது. சாமான் இறக்குவதற்கு முன்னால், காலி வீட்டை அப்படியே பதிவு பண்ணிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுப்பது சுலபம். ஓனர் முன்னால் நின்று 'அங்கிள், உங்க வீட்டை வீடியோ எடுக்கணும்' என்று சொல்வதுதான் செமஸ்டர் பேப்பரை விடக் கஷ்டம். கேமரா எல்லோர் கையிலும் இருக்கிறது. இருந்தும் யாரும் எடுக்காததற்குக் காரணம், கூச்சம்தான் என்று நான் நினைக்கிறேன். சாவி கொடுத்து, பால் காய்ச்சச் சொல்லி, 'நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கங்கம்மா' என்று சொல்கிற பெரியவரிடம் போய் விரிசலைக் காட்டி போட்டோ எடுத்தால், 'உங்களை நம்பலை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. அதுவும் அலைந்து திரிந்து கிடைத்த வீடு. 'இவ்ளோ விவரமா இருக்கற பொண்ணுங்க நமக்கு வேணாம்'னு சொல்லிட்டா?

இந்தப் பூனைக்கு மணி கட்டினவள் கோவில்பட்டி. என்ன சொன்னாள் தெரியுமா? 'அங்கிள், நாங்க நாலு பேரு. ஒருத்தி உடைச்சுட்டு இன்னொருத்தி மேல பழி போடுவா. அதனால உங்க வீட்ல என்னென்ன எப்படி இருக்குன்னு நீங்களே கூட வந்து சொல்லுங்க, எழுதிக்கறோம். நாளைக்கு நாங்க ஏதாவது உடைச்சாலும் உங்ககிட்ட கணக்கு இருக்கும்ல?'

அங்கிள் முகம் முதலில் சுருங்கியது. 'ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டுவிட்டார். நாங்கள் மூணு பேரும் தரையைப் பார்த்தோம். கோவில்பட்டி மட்டும், 'எங்க மேலதான் அங்கிள் நம்பிக்கை இல்ல' என்றாள். சிரித்துவிட்டார். அப்புறம் நடந்ததுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. அவர் ரிட்டயர்டு பேங்க் ஊழியர். லிஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கீழே போய் மூக்குக்கண்ணாடி, நீளமான நோட்டு, கூடவே ஒரு கார்பன் பேப்பர்! (கார்பன் பேப்பரை நான் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.) 'டூப்ளிகேட் இல்லாம எதையும் எழுதக் கூடாதும்மா' என்று சொல்லி, அவரே பேனாவை எடுத்துக்கொண்டார்.

எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பகல் 11 மணி, ஜன்னல் எல்லாம் திறந்து. முதலில் ஒரே மூச்சில் ஒரு வீடியோ. தெரு கேட், கதவு நம்பர், படிக்கட்டு, வாசல் கதவு, அப்புறம் ஒவ்வொரு ரூமாக இடமிருந்து வலம். நடுவில் நிறுத்தவே இல்லை. வெட்டி ஒட்டினதாக யாரும் சொல்லக் கூடாது பாருங்க! வீடியோ வீட்டைச் சுற்றிக்காட்டத்தான் லாயக்கு, விரிசல் எல்லாம் அதில் சரியாகத் தெரியாது. அதனால் குறை இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு போட்டோ. தூரத்திலிருந்து ஒன்று, எந்தச் சுவர் என்று தெரிய. கிட்டத்தில் ஒன்று, என்ன குறை என்று தெரிய. கிட்டத்துப் போட்டோவை மட்டும் எடுத்து வைத்தால், பத்து மாசம் கழித்து அது உங்க வீட்டுச் சுவரா, பாட்னா ரயில்வே ஸ்டேஷன் சுவரா என்று உங்களுக்கே தெரியாது.

சிவில் மேடம் அன்றைக்கு ஃபுல் ஃபார்மில் இருந்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போன விரிசல் பக்கத்தில் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்துத்தான் போட்டோ எடுக்க விட்டாள். 'ஸ்கேல் இல்லாத விரிசல் போட்டோ வேஸ்ட். வளர்ந்துச்சா, அப்படியே இருக்கான்னு எப்படிச் சொல்வே?' நியாயம்தான். பெட்ரூம் தளத்தில் மழைநீர் கசிந்து பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு. அவ்வளவு உயரத்தில் ஸ்கேலை எப்படி வைப்பது? சீலிங் ஃபேனும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்தாள். வழக்கமான ஃபேன் என்றால் இறக்கை சுற்றும் விட்டம் 1,200 மில்லிமீட்டர். திட்டு எவ்வளவு பெரிசு என்று அதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். (இன்ஜினீயரிங் படிப்பு வாழ்க்கைக்கு உதவாது என்று சொன்னவர்கள் எழுந்து நிற்கவும்!)

என் டிபார்ட்மென்ட் கரன்ட். செல்போன் சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் குத்திப் பார்த்தேன். 14-ல் 3 செத்துப்போயிருந்தன. ஹால் ஃபேன் ரெகுலேட்டரில் 1-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் ஒரே வேகம். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால், அந்தப் புதுச் சட்டத்தின் கடைசியில் ஓனர் பார்க்க வேண்டிய ரிப்பேர் எது, குடியிருப்பவர் பார்க்க வேண்டியது எது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டட அமைப்பில் வரும் ரிப்பேர், சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீஸர், வாஷ்பேசின், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இதெல்லாம் குடியிருப்பவர் கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. ஆக, வரும்போதே செத்துக்கிடந்த பிளக் பாயின்டை எழுதி வைக்காவிட்டால், அது உங்கள் காலத்தில் செத்ததாகவே ஆகிவிடும்.

பைப்பைத் திறந்து பார்த்தோம். குரோம்பேட்டை போர் தண்ணி, குழாய் மூக்கில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஃப்ளஷ்ஷை அழுத்தினோம். ஷெல்ஃப் கதவுகளைத் திறந்து கரையான் மண் இருக்கிறதா என்று பார்த்தோம். ஹால் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி பெயின்ட் பொரிந்திருந்தது. சாவி எத்தனை என்று எண்ணி, வரிசையாகத் தரையில் வைத்து ஒரு க்ளிக். ஈ.பி. மீட்டர் ரீடிங் ஒரு க்ளிக். இதைத் தவறவிட்டால், உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஓட்டின ஏ.சி-க்கும் நீங்கள்தான் பில் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஆணி. ஆமாம், ஆணிதான்! 'சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது' என்பது சென்னை ஹவுஸ் ஓனர்களின் முதல் கட்டளையாயிற்றே. ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று மதுரை எண்ண ஆரம்பித்தாள். ஹாலில் 9, பெரிய பெட்ரூமில் 6, சின்னதில் 5, கிச்சனில் 3. ஆக மொத்தம் 23. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணி கூட இவ்வளவு சின்ஸியராக ஆணி விஷயத்தைப் பார்த்திருக்க மாட்டார். அங்கிள் தலையில் அடித்துக்கொண்டே, 'ஆணிகள் - 23' என்று அழகாக எழுதினார்.

எல்லாம் சேர்த்து 31 ஐட்டம், மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து, எங்கள் நாலு பேர் கையெழுத்து. ஒரிஜினல் எங்களுக்கு, கார்பன் காப்பி அவருக்கு.

இங்கே தேதி பற்றி ஒரு விஷயம். மதுரை அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, கடத்தல்காரனிடம் மாட்டின பணக்காரர் மாதிரி முதல் போட்டோவில் போஸ் கொடுத்தாள். ஆரணி உடனே மடக்கினாள். 'அன்னைக்கு பேப்பரை எடுத்து வெச்சுட்டு ஆறு மாசம் கழிச்சுக்கூட இந்த போட்டோவை எடுக்கலாமே?' யோசித்துப் பார்த்தால் சரிதான். பேப்பர் காட்டுவது, போட்டோ அந்தத் தேதிக்கு முன்னால் எடுத்ததில்லை என்பதை மட்டும்தான். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. அந்தத் தேதிக்குப் பின்னால் எடுத்ததில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு வழி, எடுத்த அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுவது. அவர் போனிலேயே தேதியோடு போய் உட்கார்ந்துவிடும். சீனியர் அண்ணன்கள் மாட்டின நாலு நாள் சந்தையும் இது அடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரண போட்டோவாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிவிடும். எப்போது, எந்த போனில் எடுத்தது என்று ஃபைலுக்குள்ளே பதிந்திருக்கிற தகவலையும் உதிர்த்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே போகும். போனில் இருக்கும் ஒரிஜினலை அழிக்காமல், மெயிலிலும் ஒரு காப்பி வைத்துக்கொண்டோம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புது சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, டிஜிட்டல் ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியை மாற்றினாலும் வேறு நம்பர் வரும். ஆரணி அன்றைக்கு ராத்திரியே எல்லா போட்டோவுக்கும் எஸ்.ஹெச்.ஏ.-256 போட்டு வைத்துவிட்டாள். 70,000 ரூபாய்க்கு இது ஓவர்தான். ஆனால், தவணை கட்டுவது அவள் அம்மா. நாங்கள் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

அக்ரிமென்ட்டையும் படித்துப் பார்த்தோம். புரோக்கர் கொண்டுவந்த ரெடிமேட் சரக்கு. 11 மாசம். (ஏன் 11 என்றால், 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பயந்து வந்த பழக்கம் இது. 2019 சட்டமோ வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் பதியவும் வேண்டும் என்கிறது.) அதில் 'காலி செய்யும்போது பெயின்டிங்குக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்று ஒரு வரி. நாங்கள் கேட்டதில், 14,000 என்பது 5,000 ஆனது. சுண்ணாம்பு, பெயின்ட் ஓனர் கணக்குதான் என்று அட்டவணையைக் காட்டி வாதாடியிருக்கலாம். வீடு வேண்டுமே, பாஸ்!

அப்புறம் வந்தது மழை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த அன்று, சென்னையிலும் கொட்டித் தீர்த்தது. ஃபேன் பக்கத்தில் இருந்த அந்தப் பழுப்புத் திட்டு கிடுகிடுவென்று வளர்ந்து, சுவர் வழியாக இறங்கியது. மறுநாளே அதே கோணத்தில் போட்டோ எடுத்து அங்கிளுக்கு அனுப்பினோம். 'பார்த்தேன். மழை நின்னதும் ஆள் அனுப்பறேன்' என்று பதில். மொட்டை மாடியில் கொத்தனாரை வைத்துப் பூசினார். குடிவந்த அன்றைய போட்டோ மட்டும் போதாது என்பது அப்போது புரிந்தது. நடுவில் ஏதாவது ஆனால் அன்றைக்கே சொல்லிவிடுவதும் அதே கணக்கில்தான் வரும். சமையல்கட்டுக் குழாய் மாற்றின பில், ஃப்ளஷ் வாஷர் மாற்றின பில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்ந்தது.

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் சீனியர் அக்கா ஒருவரிடம் வீடியோ காலில் இதையெல்லாம் பீற்றிக்கொண்டபோது, 'இதுக்கு இங்க ஒரு பேரே இருக்குடி' என்றார். ஊபர்காபே-புரோட்டோகோல். வீட்டை ஒப்படைக்கும் குறிப்பு. சாவி வாங்கும்போது ஓனரும் குடிவருகிறவரும் சேர்ந்து நடந்து, சுவர், தரை, மீட்டர், சாவி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அங்கே சர்வசாதாரணமாம். அட்வான்ஸும் மூன்று மாச அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டம். அதில் சந்தே இல்லை. அங்கே யாரும் 'என்மேல நம்பிக்கை இல்லையா' என்று கேட்பதில்லையா என்று கேட்டேன். 'லிஸ்ட் போடலைன்னாதான் சந்தேகமா பார்ப்பாங்க' என்றார்.

2025 ஜூன். அங்கிள் பையனுக்குக் கல்யாணம், மாடி வீடு வேண்டும் என்று சொல்லியிருந்தார். சாமான் எல்லாம் வண்டியில் ஏறினதும், வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அதே வரிசையில் திரும்பவும் வீடியோ, போட்டோ. அங்கிளும் ஆன்ட்டியும் மேலே வந்தார்கள். ஆன்ட்டி ஹாலுக்குள் நுழைந்ததுமே, 'ஏன்டி பொண்ணுங்களா, சுவரெல்லாம் ஆணியா அடிச்சு வெச்சிருக்கீங்களே!' என்றார். மதுரை இதற்காகவே பதினோரு மாசம் காத்திருந்தவள் போல, 'எண்ணிப் பாருங்க ஆன்ட்டி' என்றாள். நிஜமாகவே எண்ணினார். 23. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அங்கிள் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை. 'கதவு அடிப்பாகம் மொத்தமா ஊறிப்போச்சேம்மா. புதுசு போட ஆறாயிரம் ஆகும். அதை எடுத்துக்கணும்' என்றார். சென்னையில் பாத்ரூம் கதவுக்கென்று தனிச் சாபம் இருக்கிறது போல! ஆரணி எதுவும் பேசாமல் ஃபைலைத் திறந்தாள். அவரோ, 'உங்க காப்பி வேணாம், இருங்க' என்று கீழே போய், நோட்டிலிருந்த கார்பன் காப்பியை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக வந்தார். 14-வது வரியில் விரல் நின்றது. 'பாத்ரூம் கதவு - அடிப்பாகம் ஊறி உப்பியுள்ளது.' அவருடைய கையெழுத்து.

'நானேதான் எழுதியிருக்கேன்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'சத்தியமா ஞாபகம் இல்லம்மா' என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். அந்தக் கதவு நல்லா இருந்த காலம்தான் அவர் மனசில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். சீனியர் அண்ணன்களின் ஓனரும் அப்படித்தான் நிஜமாகவே நம்பியிருப்பாரோ என்று எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. (மோட்டாருக்கு 12,000 மட்டும் இன்றுவரை டவுட்டாகவே இருக்கிறது!)

லிஸ்ட் எங்களுக்கு மட்டும் சாதகமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஐட்டம் 19, 'வாஷ்பேசின் - நல்ல நிலை'. இப்போது அதில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு கீறல். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு மதுரை கொண்டுவந்த பித்தளைக் குடம் செய்த வேலை. இயல்பான தேய்மானத்தை யாரும் கேட்க முடியாது, குடம் விழுந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா? அங்கிள் ஏதும் சொல்வதற்கு முன்னால் மதுரையே கையைத் தூக்கிவிட்டாள். கடையில் விசாரித்து, ஃபிட்டிங் கூலியோடு 2,600 என்று முடிவானது.

கணக்கு இதுதான். 70,000-ல் பெயின்டிங் 5,000, வாஷ்பேசின் 2,600, கடைசி ஈ.பி. பில் 1,840. மிச்சம் 60,560. குடத்தின் பாவத்தை நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டதில் ஆளுக்கு 15,140. அங்கிள் இரண்டு தவணையாக அனுப்பினார். முதல் பாதி அன்றைக்கே, அடுத்த பாதி பன்னிரண்டாம் நாள். காலி பண்ணி ஒரு மாசத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். தராவிட்டால் ரென்ட் அத்தாரிட்டி, ரென்ட் கோர்ட், ரென்ட் ட்ரிப்யூனல் என்று படிகள் இருக்கின்றன. ஆனால், அரியர் பேப்பரையும் ப்ராஜெக்ட்டையும் வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் படியேறப் போகிறோம்? மூன்று பக்க லிஸ்ட்டுக்கு எங்களுக்கு ஆன நேரம் ஒன்றரை மணி.

ஆரணி அம்மாவின் குழுக் கடன் அந்த வாரமே முடிந்தது. வட்டியை மட்டும் யாரிடமும் கழிக்க முடியவில்லை.

இப்போது வேறு வீடு. இந்த ஓனர் சார் துபாயில் இருக்கிறார், சாவி கொடுத்தது வாட்ச்மேன் அண்ணன். லிஸ்ட்டில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. போனில் கேட்டதற்கு, 'அதெல்லாம் எதுக்கும்மா, நான் அப்படிப்பட்ட ஆளில்லை' என்றார். சரி என்று வீடியோவையும் 44 போட்டோவையும் டாக்குமென்ட்டாக அனுப்பி, கீழே நீளமாக ஒரு மெசேஜ் போட்டோம். 'வணக்கம் சார். இன்று நாங்கள் வந்தபோது வீடு இருந்த நிலை இது. இதில் ஏதாவது மாறுபாடு இருந்தால் சொல்லவும்.' ராத்திரி பதினோரு மணிக்கு ப்ளூ டிக். பத்து நிமிஷம் கழித்து, ஒற்றைக் கட்டைவிரல் எமோஜி.

ஆரணி அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஹேஷ் போட்டு வைத்துவிட்டாள்.